நீதிபதியைத் தெரிந்துகொள்ள அவர் எழுதிய தீர்ப்பைப் படியுங்கள்

சட்டம் படித்து முடித்த பிள்ளை ஒரு நீதிபதியைச் சந்தித்து வேலை பற்றிப் பேசப் போகிறது என்றால், மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டார் முதலில் கேட்பது, "அவர் நம்ம ஆளா?" அடுத்தது, "எந்த டத்தோவைப் பிடிக்கலாம், கேபல் இருக்கா?" (டத்தோ என்பது பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டம்; கேபல் என்றால் சிபாரிசுக்கு ஆள்.) தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எந்த அலுவலக வாசலிலும் ஆள் தெரியாமல் நின்றே பழகியவர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் பிள்ளையைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன. இங்கே வழக்கறிஞர் தொழில் செய்யும் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் நீதிபதியே நேர்காணல் நடத்தி, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குத் தமக்கான சட்ட உதவியாளரைத் தேர்ந்தெடுப்பார். நம் நாட்டில் நீதித்துறைப் பணியில் சேர்ந்த இளம் அதிகாரிகள் நீதிபதிகளுக்கு ஆய்வு அதிகாரிகளாகப் போகிறார்கள். சேரும் வழிதான் வேறு. கோப்பைப் படிப்பது, முன்தீர்ப்புகளைத் தேடுவது, குறிப்பு எழுதிக் கொடுப்பது என்று வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அறையில் நடக்கும் முதல் உரையாடலுக்குத் தயாராவதும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான்.

நீதிபதியின் பின்னணியை எங்கே தேடுவது? நீதித்துறையின் இணையத்தளத்தில் தொடங்குங்கள். எங்கே படித்தார், எந்த வழியாக வந்தார் என்பதைப் பாருங்கள். சிலர் மாஜிஸ்திரேட்டாகவோ அரசுத் தரப்பு வழக்கறிஞராகவோ தொடங்கி மேலே வந்தவர்கள். சிலர் பல ஆண்டுகள் தனியார் வழக்கறிஞராக இருந்து, நீதித்துறை ஆணையராகி (குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படும் நீதிபதி), அப்புறம் உயர்நீதிமன்ற நீதிபதியானவர்கள். கோபால் ஸ்ரீராம் 1994-இல் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போனார். இந்த விவரங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தெரிந்துகொண்டு மேலே போங்கள்.

உண்மையான வேலை தீர்ப்புகளில் இருக்கிறது. சட்டக் கல்லூரியின் கட்டணத் தரவுத்தளம் கையில் இல்லாவிட்டாலும் பல தீர்ப்புகள் நீதித்துறைத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எதைப் படிப்பது என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது: மேல்நீதிமன்றம் மாற்றிய தீர்ப்பு ஒன்று, மற்ற நீதிபதிகளோடு அவர் ஒத்துப்போகாமல் எழுதிய தீர்ப்பு ஒன்று, கட்டாயம் இருக்கட்டும்.

ஏன் என்பதற்கு நம் பேராக்கிலேயே வழக்கு இருக்கிறது. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை 2009-இல் தந்தை, தாய்க்குத் தெரியாமல் இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார். 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் நீதிபதி லீ சுவீ செங் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது ஷரியா நீதிமன்றத்துக்கு உரிய விஷயம் என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. உடன்படாத அந்த ஒருவர் நீதிபதி ஹமிட் சுல்தான் அபு பாக்கார். 2018 ஜனவரி 29 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி.

2016-இல் ஒரு மாணவர் லீ சுவீ செங்கைப் பற்றித் தேடியிருந்தால், "இவர் தீர்ப்பு தள்ளுபடியானது" என்று மட்டும் குறித்து வைத்திருப்பார். ஹமிட் சுல்தானை, சிறுபான்மையில் நின்றவர் என்று கடந்து போயிருப்பார். தீர்ப்பின் காரணங்களைப் படித்த மாணவருக்குத்தான் அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பது தெரிந்திருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தாய்க்கு நியாயம் எழுதிய முதல் நீதிபதி சீனர், கடைசித் தீர்ப்பை எழுதியவர் மலாய்ப் பெண்மணி. "நம்ம ஆளா?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

படிக்கும்போது முடிவை மட்டும் பார்க்காதீர்கள். நடந்த கதையிலிருந்து தொடங்குகிறாரா, சட்டக் கேள்வியிலிருந்தா? தோற்ற தரப்பின் வாதத்தை முழுதாக எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்கிறாரா, இரண்டு வரியில் தள்ளிவிடுகிறாரா? வேலை நீக்கம், குடியிருப்பு வழக்குகளில் சாட்சி சொன்ன தொழிலாளியின் பேச்சுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்? அவர் மலாயில் எழுதியிருந்தால் மலாயிலேயே, ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆங்கிலத்திலேயே படியுங்கள். "என் தீர்ப்புகளில் எது உனக்கு உடன்பாடில்லை?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். எந்தப் பத்தி, என்ன காரணம் என்று மரியாதையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையோடுதான் ஒரு நீதிபதி உட்கார்ந்து வேலை பார்க்க முடியும்.

தேடலுக்கு எல்லையும் உண்டு. அவர் மனைவி மக்களின் ஃபேஸ்புக் பக்கம் உங்களுக்குத் தேவையில்லை. அவர் முன் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. சிபாரிசு வேண்டவே வேண்டாம். தம்மைச் செல்வாக்கால் அசைக்க முடியும் என்ற எண்ணத்தை யாருக்கும் ஏற்படுத்தக் கூடாது என்பது நீதிபதிகளின் நெறிமுறை. நல்ல எண்ணத்தில் அப்பா யாரையாவது விட்டுப் பேசச் சொன்னால், பிள்ளையின் பெயர் அங்கேயே கெட்டுவிடும். பெற்றோர்கள் இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

படித்து முடித்ததும் ஒரு நாள் பஸ் ஏறி ஈப்போ நீதிமன்றத்துக்குப் போங்கள். திறந்த நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒழுங்கான உடை, போனை அணைத்துவிடுங்கள், உள்ளே போகும்போதும் வரும்போதும் தலை வணங்குங்கள். நீங்கள் சந்திக்கப் போகிறவர் மேல்நீதிமன்றங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் இருந்தாலும் பரவாயில்லை. நீதிபதி எங்கே குறுக்கிட்டுக் கேட்கிறார், எந்தப் பதிலுக்குப் பேனாவை எடுக்கிறார் என்பதைக் கவனித்துவிட்டு வாருங்கள். தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து, புரியாத இடத்தில் கோடு போட்டுக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் என் ஆபிசுக்கு வந்தால், உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். காசு எதுவும் வேண்டாம்.