பாய்லர் லைசென்ஸ்: எதுவரை செல்லும்?

பாய்லர் ஓட்டுவதற்கான செகண்ட் கிளாஸ் லைசென்ஸ் வாங்கியதும் பலரும் கேட்பது, "எத்தனை டன் (மணிக்குத் தரும் நீராவி) வரை ஓட்டலாம்?" என்றுதான். கணக்கு டன்னில் இல்லை, பாய்லரின் சூடேறும் பரப்பில், அதாவது நெருப்பின் சூட்டை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும் பரப்பில் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு பாய்லர் அட்டெண்டன்ட் விதிகளின்படி செகண்ட் கிளாஸுக்கு 200 சதுர மீட்டர் வரை, ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 1,000 சதுர மீட்டர் வரை. அதற்கு மேலே பி.ஓ.இ. (பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர்) வேண்டும். பரப்பு எவ்வளவு என்பது பாய்லரின் ஆவணங்களிலேயே இருக்கும். ஒரே வளாகத்தில் இரண்டு பாய்லர்களை ஒருவரே பார்த்தால் இரண்டின் பரப்பையும் கூட்ட வேண்டும். அரிசி ஆலைகளும் சாயப்பட்டறைகளும் இரண்டாவது பாய்லர் வாங்கும்போது கோட்டை விடுவது இங்கேதான்.

லைசென்ஸ் ஆளுக்கு உரியது. பகல் ஷிஃப்ட்காரரின் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, இரவில் உமி தள்ளும் உதவியாளரை வைத்து ஓட்டுவது சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான்.

பிரஷர் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு முன்கூட்டியே தூக்குகிறது (திறக்கிறது) என்று ஸ்பிரிங்கை இறுக்க எந்த கிளாஸுக்கும் அதிகாரம் கிடையாது. முதலாளி சொன்னாலும் தொடாதீர்கள். ஜெயில் வரை போகும் குற்றம் அது. ஒழுகும் டியூபை உள்ளூர் வெல்டரைக் கூப்பிட்டு அடைப்பதும் அப்படித்தான். பாய்லர் துறையின் அனுமதியும், தகுதிச் சான்று பெற்ற வெல்டரும் வேண்டும்.

லைசென்ஸ்காரர் கட்டாயம் செய்ய வேண்டியதில் முதலாவது, ஷிஃப்ட் ஏறியதும் கேஜ் கிளாஸை (பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயை) ஊதிப் பார்ப்பது. அதன் அடியில் உள்ள டிரெய்ன் காக்கை (வெளியேற்றும் குழாயின் திருகை) திறங்கள். ஸ்டீம் காக்கை மூடினால் தண்ணீர் வழி மட்டும் ஊதும். அதைத் திறந்துவிட்டு வாட்டர் காக்கை மூடினால் ஸ்டீம் வழி ஊதும். பிறகு வாட்டர் காக்கையும் திறந்து டிரெய்னை மூடுங்கள். தண்ணீர் சட்டென்று மட்டத்துக்கு ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் கீழ்வழியில் சேறோ உப்போ அடைத்திருக்கிறது; கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்ப முடியாது. "நேற்று நைட் ஊதியாச்சு" என்ற பதிலுக்கு மதிப்பில்லை.

கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லையா? பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பைப் போடவே கூடாது. பழுக்கக் காய்ந்த தகட்டில் தண்ணீர் பட்டால் நொடியில் ஆவியாகிப் பிரஷர் எகிறும், தகடும் வெடிக்கும். எரிபொருளையும், நெருப்புக்குக் காற்று தள்ளும் எஃப்.டி. ஃபேனையும் நிறுத்திவிட்டு, நெருப்பின் மேல் தண்ணீர் அடிக்காமல் தானாக ஆறவிடுங்கள். புரொடக்ஷன்காரர் போன் மேல் போன் போடுவார். நிறுத்தும் முடிவை எடுக்க வேண்டியவர் அங்கே பொறுப்பில் நிற்கும் லைசென்ஸ்காரர். ஆறிய பின் ஃபர்னஸ் மேல்தகட்டில் புடைப்போ விரிசலோ உண்டா என்று பார்க்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது. தகடு சேதமாகி விபத்தென்று ஆகிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பாய்லர் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் கடமை முதலாளிக்கு மட்டுமல்ல, பாய்லர் பொறுப்பில் இருந்தவருக்கும் உண்டு.