டிரெட்மில் விலை கேட்கும் முன் பஸ் நேரத்தைக் கேளுங்கள்

போன மாதம் எங்கள் நீலகிரியிலேயே கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார். பெண்களுக்கு மட்டும் ஒரு ஜிம் வைக்கப் போகிறாராம். "அக்கா, டிரெட்மில் ரெண்டு போதுமா, மூணு வேணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. "உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டவர் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். கோத்தகிரியில் முழங்கால் வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தவள், எட்டு வருஷத்துக்கு முன்பு மாடியில் ஒரு ஹால் பிடித்துப் பெண்களுக்கான உடற்பயிற்சிக்கூடம் தொடங்கினேன். அன்று எனக்கும் மெஷின் ஆசைதான். கடன் வாங்கி டிரெட்மில் இறக்கினேன். ஐப்பசி மழை பிடித்ததும் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு சாயங்காலம் வோல்டேஜ் எகிறியதில் மோட்டார் போர்டு கருகிவிட்டது. ஸ்டெபிலைசர் வைக்காதது என் தப்பு. பழுது பார்க்கிறவர் கோயம்புத்தூரிலிருந்து மேலே ஏறி வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் டிரெட்மில் இல்லை என்பதற்காக ஒருவர்கூட நிற்கவில்லை. நின்றவர்கள் எல்லாம் வேறு காரணங்களுக்காக நின்றார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும், கவலை வேண்டாம். ஒரு ரோஜாப்பூவும் கேசரியும் கொடுத்தால் ஐம்பது பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது மாத ஃபீஸை யார் கட்டுகிறார்கள் என்பதில்தான் உங்கள் வாடகை இருக்கிறது.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கீழே சமவெளியில் ஜிம்கள் காலை 5 மணிக்கே திறக்கின்றன என்று பார்த்து நானும் 5.30க்குத் திறந்தேன். மார்கழியில் அந்த நேரம் கும்மிருட்டு. வளைவில் காட்டெருமை நிற்கும், குப்பைத்தொட்டி ஓரம் கரடி நிற்கும். கன்னேரிமுக்கிலிருந்து ஒரு பெண் ஸ்வெட்டரையும் ஸ்கார்ஃபையும் மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வருவார் என்று நான் எதிர்பார்த்ததை இப்போது நினைத்தாலும் எனக்கே சிரிப்பு வருகிறது. இன்று என் பேட்ச்கள் காலை 10.15, மதியம் 2.30, மாலை 5. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு முதலாவது. அவர்கள் திரும்பி வருமுன் வீடு போய்ச் சேர நினைப்பவர்களுக்கு இரண்டாவது. கடை, வங்கி, பள்ளி என்று வேலை பார்ப்பவர்களுக்கு மாலை. அதுவும் 5.45க்கு முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் ஐந்து நிமிஷம் இழுத்தாலும் பாதிப் பேரின் கண் கதவிலேயே இருக்கும். அரவேணு பஸ் போய்விடுமே! தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கும், அதற்குத் தனி பேட்ச்.

இடம் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது கண்ணாடியோ ஜன்னலோ இல்லை, கழிவறை. உள்ளேயே, தாழ்ப்பாளோடு, தண்ணீரோடு இருக்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து விளக்கு வெளிச்சத்திலேயே நடந்து வரும்படியான தெரு வேண்டும். மதுக்கடைச் சந்தில் வாடகை மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். மலைப்பகுதிக் கட்டட விதிகள் இங்கே கறாரானவை. கட்டடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் நகல் வாங்கிப் பாருங்கள். சீல் வைத்துவிட்டால் உங்கள் அட்வான்ஸும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். பழைய பங்களா என்றால் தரை பலகையா என்று தட்டிப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து கால் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், மின்வாரியம் கண்டுபிடித்தால் அபராதம். வணிக இணைப்புக்கு மாற்றச் சொல்லி, ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயத்தில் என் புத்திமதி சின்னதுதான். குரோம் பூச்சு டம்பெல் பளபளவென்று இருக்கும். நம் ஊர் மூடுபனியில் ஒரே வருஷத்தில் துருப்பிடித்துக் கையில் ஒட்டும். ரப்பர் உறை போட்டது வாங்குங்கள், 1 கிலோ முதல் 7.5 கிலோ வரை. இழுக்கும் ரப்பர் பட்டைகள், ஸ்டெப் பலகைகள், பாய்கள், ஆடாத நாற்காலி பத்து. ஸ்பாஞ்ச் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கொடியில் தொங்கவிட வேண்டும். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

"மேடம், நாங்கதான் தெனமும் மேடு ஏறி எறங்குறோமே, எங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், நியாயமான கேள்வி. மேடு ஏறுவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை. பஸ்ஸில் போகிறவரைவிட அவர் ஒரு படி மேல்தான். ஆனால் இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. அந்தத் தசை பலவீனமாக இருந்தால் வலி முதலில் இறக்கத்தில்தான் காட்டும். என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "ஏத்தம் பரவால்ல மேடம், எறக்கம்தான் முடியல" என்பார்கள். கொழுந்து பறிக்கிறவருக்கோ நாள் முழுக்க முன்பக்கம் குனிந்த முதுகு. அவருக்குத் தேவை பின்பக்கத் தசைகளும் தோளும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன கணக்கில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான நடமாட்டம் இருக்கிறது. அதை மலைவாசிகள் நடந்தே தீர்த்துவிடுவார்கள். அதே பட்டியலில் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி என்று ஒரு வரி இருக்கிறதே, நாம் விற்க வேண்டிய சரக்கு அதுதான்.

இப்போது கழிவறைக்கு வருகிறேன். முதல் வருஷம் பாட்டுப் போட்டுக் குதிக்கும் ஏரோபிக்ஸ் வகுப்புதான் என் பெருமை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த மூன்று பேர் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். கேட்டால் வீட்டில் வேலை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் இடுப்பு வலிக்காக கிளினிக்குக்கு வந்தார். பரிசோதனை முடித்துச் செருப்பு மாட்டும்போது, கதவைப் பார்த்துக்கொண்டே, "குதிக்கிறப்ப நனைஞ்சுடுது மேடம். அதான் வரல" என்றார். இரண்டு பிரசவம் ஆனவர். இருமினால், தும்மினால், குதித்தால் சிறுநீர் சொட்டுவது பிரசவமான பெண்களிடம் மிகச் சாதாரணம். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்வதால் வருவது. படித்த எனக்கே முதலில் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

அன்றிலிருந்து சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது, எழுத்தில். வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் ஒரு டிக் அடித்துவிடுவார்கள். அவர்களுக்குக் குதியல் கிடையாது. சிறுநீரை அடக்குவது போல உள்ளிழுத்துச் சில விநாடி பிடித்து விடும் பயிற்சி, ஒரு தடவைக்கு 8, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். குறையாவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். படிவத்தில் மற்றதும் கேளுங்கள்: நெஞ்சு வலி, பிரஷர் மாத்திரை, சர்க்கரைக்கு இன்சுலின், சிசேரியன் ஆகி எத்தனை மாதம், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை கூடுதல், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். குண்டாகத்தான் இருக்கிறாரே, நன்றாகச் சாப்பிடுகிறவர் என்று நினைத்து விரட்டினால் மூன்றாவது நிமிஷம் கண் இருட்டி உட்கார்ந்துவிடுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். 12க்குக் கீழே என்றால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், சிகிச்சையும் கூடவே நடக்க வேண்டும்.

விளம்பரத்துக்கு வருவோம். "30 நாளில் 10 கிலோ" என்று நோட்டீஸ் அடித்துத் தர அச்சகக்காரரே மாதிரி வைத்திருந்தார். மாட்டேன் என்றேன். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைவதுதான் உடம்புக்கு ஏற்றது. பொய் வாக்கு கொடுத்தால் முப்பத்தோராம் நாள் அந்தப் பெண் வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால், பின்னால் என்று உறுப்பினர்களின் படம் போடுவதும் என்னிடம் கிடையாது. சின்ன ஊர், முகத்தை மறைத்தாலும் சால்வையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஹாலுக்குள் போன் வரக்கூடாது, வாசலில் கூடை இருக்கிறது. என்னுடையதும் அதில்தான் கிடக்கும்.

எனக்கு ஆள் கொண்டுவந்தது ஒரு நாற்காலி. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போய், கடைசியில் பத்து நிமிஷம் கேட்டு வாங்குவேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையிரண்டையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொல்வேன். முதலில் யாரும் எழமாட்டார்கள். பிறகு ஒரு துணிச்சல்காரப் பாட்டி எழுவார், எல்லாரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். 61 வயது அம்மா ஒருவர் 9ல் நின்று மூச்சு வாங்கினார். 60லிருந்து 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு என்று கணக்கு. "பத்துகூட இல்லையா!" என்று அவருக்கே கோபம். அடுத்த திங்கட்கிழமை, சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வையோடு வந்து நின்றார். சுடிதார் போட்டுக்கொண்டால் வசதி என்று மட்டும் சொன்னேன்; மருமகளுடையதை இரவல் வாங்கி வந்தார். மூன்றாம் மாதம் 14. எடை ஒன்றரை கிலோதான் குறைந்திருந்தது, அதை அவர் கேட்கவே இல்லை. அவர் வழியாக மட்டும் ஏழு பேர் சேர்ந்தார்கள்.

பணக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பாருங்கள். வாடகை 10,000, உதவிப் பயிற்சியாளர் சம்பளம் 12,000, கரண்ட் 2,000, கடன் தவணை 5,000, சில்லறைச் செலவு 2,000 என்றால் மாதம் 31,000. ஃபீஸ் 900 என்று வைத்தால் 35 பேர் கட்டினால்தான் கையைக் கடிக்காது. அதிலும் உங்கள் சம்பளம் பூஜ்யம். ஐம்பது பேர் என்ற குறியோடு இறங்குங்கள். வருஷச் சந்தா வாங்கினால் மொத்தமாகப் பணம் வருமே என்று ஆசை வரும். பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதம் இங்கே வீட்டுக்கு வீடு கை இறுகும், அப்போது முதலில் வெட்டுவது பெண்ணின் ஃபீஸைத்தான். மாதச் சந்தா, முடியாதவருக்கு வாரச் சந்தா என்று வைத்திருக்கிறேன். குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கம் ஆரம்பிக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வரும் அதிகாரிகளின் குடும்பங்கள் ஒரு வருஷத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விடும்.

கடனுக்கு முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம் இருக்கிறது; அதில் 50,000 வரை சிசு என்ற பிரிவு, 5 லட்சம் வரை கிஷோர். புதுத் தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைக் கேளுங்கள். கிராமப்புறப் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம் போதும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள். வருஷத்தின் மொத்த வசூல் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. எடை குறைக்கும் பவுடரை விற்றுத் தரச் சொல்லி உங்களைத் தேடி ஆள் வருவார்கள், கமிஷன் கண்ணைக் கட்டும். உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும் என்பது ஒரு பக்கம். அந்த டப்பா அலமாரியில் ஏறிய நாளிலிருந்து நீங்கள் சொல்லும் எந்த ஆலோசனையையும் அவர்கள் விற்பனைப் பேச்சாகத்தான் கேட்பார்கள்.

மழைக்காலத்தில் கூட்டம் குறையும். கூடலூருக்கு அது ஆடி, எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த ஊர் இது. மழை வலுத்தால் வீட்டுக்காரர்கள் பெண்களை வெளியே விடமாட்டார்கள், விடவும் கூடாது. அந்த இரண்டு மாதத்துக்கான வாடகையைச் சித்திரை, வைகாசியிலேயே எடுத்து வைத்துவிடுவேன். மூன்று நாள் வராதவருக்கு நானே போன் போடுவேன். ஃபீஸ் பேச்சை எடுக்கமாட்டேன். "மரம் சாஞ்சு கெடக்கு மேடம், பஸ் வரல, வியாழக்கிழமை வர்றேன்" என்பார். வியாழக்கிழமை அவர் பாயைக் கொடியிலிருந்து எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஜன்னலோரம் விரித்து வைப்பேன்.