கேட்கக் கேட்கப் பிடிக்கிறதே, எப்படி?

போகிக்கு இரண்டு நாள் முன்பு மந்தைவெளி வீட்டில் பரணை ஒழித்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. திறந்தால் 23 கேசட்டுகள். பாதிக்கு மேல் கடையில் கொடுத்துப் பதிந்தவை. அந்தக் காலத்தில் ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். உறையின் உள்பக்கம் கடைக்காரரின் கையெழுத்தில் பட்டியல் இருக்கும்.

எல்லாவற்றையும் தரையில் பரப்பி வரிசைப்படுத்தினேன். பள்ளிக்கூட நாட்களின் காதல் சோகப் பாடல்கள், 1992க்குப் பிறகு ரஹ்மானோடு வந்த புதுச் சத்தம், ஒரு நண்பன் கொடுத்த மேற்கத்திய ராக், பெயரே எழுதாத ஒரு கானா கேசட், கடைசியாக நான்கைந்து கர்நாடகக் கச்சேரிகள். என் மகள் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் நீயே கேட்டியாப்பா?" என்றாள். நானேதான். அதே இரண்டு காதுகள்தான். அப்படியென்றால் மாறியது எது? இந்தக் கேள்விக்கு அறிவியல் நிறையவே விடை கண்டிருக்கிறது. அந்த விடை எனக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம், அது ரசனையை யாருடைய பிறவிச் சொத்தாகவும் விட்டுவைக்கவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பாட்டு ஓடும்போது மூளை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே முன்னால் ஓடுகிறது. ஷேர் ஆட்டோவில் பல்லவி பாதியில் இருக்கும்போது இறங்கிவிட்டால், மீதி வரி நம் தலைக்குள் தானாக ஓடி முடிகிறதே, அதுதான் அந்த ஊகம். இசை தரும் உணர்ச்சியே இப்படி எதிர்பார்ப்பை எழுப்புவதிலும் தள்ளிப்போடுவதிலும் நிறைவேற்றுவதிலும்தான் பிறக்கிறது என்று லெனார்ட் மேயர் என்ற அமெரிக்க இசையறிஞர் 1956லேயே எழுதினார்.

சரி, அடுத்து என்ன வரும் என்று மூளைக்கு எப்படித் தெரியும்? எண்ணி எண்ணித்தான். 1996இல் ஜென்னி சாஃப்ரனும் அவரது சகாக்களும் 8 மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் 2 நிமிடம் ஓடவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை அந்த 2 நிமிடத்தில் குழந்தைகள் பிடித்துவிட்டன. பிறகு அசைகளுக்குப் பதில் இசை ஒலிகளை வைத்துச் செய்தபோதும் அதுவே நடந்தது. யாரும் சொல்லித் தராமலே, காதில் விழுவதையெல்லாம் மூளை கணக்கு வைக்கிறது. கோயில் நாதஸ்வரம், எதிர்வீட்டு டிவி, டீக்கடைப் பாட்டு, பள்ளிக்கூடப் பிரார்த்தனை என்று சென்னையில் வளரும் ஒரு பிள்ளைக்குள் இந்தக் கணக்கு ஐந்து வயதுக்குள் எவ்வளவோ சேர்ந்துவிடுகிறது.

ஊகம் பலித்தால் கூலி உண்டு. மொன்ரியால் நகரில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டைக் கேட்டு மெய்சிலிர்ப்பவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். சிலிர்க்கும் அந்தக் கணத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. பசிக்குச் சாப்பிடும்போது வேலை செய்யும் அதே வெகுமதிப் பாதை. ஆனால் எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த இடம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, மூளையின் இன்னொரு பகுதியில் டோபமைன் ஏறத் தொடங்கிவிட்டது. வரப்போகிறது, வரப்போகிறது என்ற காத்திருப்பே பாதி இன்பம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மார்கழியில் ஏதாவது ஒரு சபாவில் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும். பாடகர் கல்பனா ஸ்வரத்தின், அதாவது அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்வரங்களின் முடிவில், மூன்று முறை வரும் முத்தாய்ப்பான கோர்வைக்குள் நுழைவார். மிருதங்கம் கூடவே இறுகும். தொடையில் தாளம் போடும் கைகள் அழுத்தமாகும். ஒருவரும் பேச மாட்டார்கள். மூன்றாவது சுற்று முடிந்து பாட்டு சரியாக எடுப்பில், அதாவது அது தொடங்கும் தாள இடத்தில், வந்து விழும், அவ்வளவு தலைகளும் ஒன்றாக ஆடும். தாளம் தெரியாதவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. அவர் காதுக்கும் அதே ஒலிதான் போனது, ஆனால் காத்திருக்க அவரிடம் எதுவும் இல்லை.

அப்படியானால் எப்போதும் ஊகித்தபடியே வந்தால் இன்பம் கூடிக்கொண்டே போக வேண்டுமே? போவதில்லை, சலித்துவிடுகிறது. 1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர், ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் டேனியல் பெர்லைன் அந்த விருப்பத்துக்கு ஒரு உச்சி உண்டு என்று விளக்கினார். முழுக்கப் புதியது பிடிப்பதில்லை, முழுக்கப் பழகியதும் பிடிப்பதில்லை, நடுவில் ஓரிடத்தில் ஆசை உச்சிக்குப் போய் இறங்குகிறது. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு.

நம் ஊரில் இதற்குப் பரிசோதனைக்கூடம் வேண்டாம். புதுப் படப் பாட்டு வந்த அன்று "என்ன பாட்டு இது" என்போம். பத்தாவது முறை டீக்கடையில் கேட்கும்போது "பரவாயில்லையே" என்போம். ஒரு மாதத்தில் அதுவே ரிங்டோன். மூன்றாவது மாதம் பக்கத்து சீட்டில் யாராவது போட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ரஹ்மான் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்று தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் பெர்லைனைப் படித்தவர்கள் இல்லை, ஆனால் அந்த வளைவின் ஏறுமுகத்தைத்தான் சொன்னார்கள். பாட்டு சிக்கலாக இருந்தால் வளைவு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். எளிமையான குத்துப்பாட்டு முதல் நாளே உச்சிக்குப் போகும், சீக்கிரமே இறங்கும். அதனால் குத்துப்பாட்டு மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் வேலை வேறு.

2019இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வின்சென்ட் சியூங் குழுவினர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 745 அமெரிக்க வெற்றிப் பாடல்களில் இருந்து சுமார் 80,000 கார்டுகளை, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சேர்க்கைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எதிர்பாராதது என்று கணினியில் அளந்தார்கள். இரண்டு நேரங்களில் இன்பம் கூடியது. இதுதான் வரும் என்று உறுதியாக நம்பியிருக்கும்போது வேறொன்று வந்தால் பிடித்தது. என்ன வரும் என்றே தெரியாமல் தவிக்கும்போது பழகியது ஒன்று வந்து கைகொடுத்தால், அதுவும் பிடித்தது.

இது எனக்கு நடந்த விதத்தைச் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு மந்தைவெளிக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாமி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு டிசம்பரில் அவர் கட்டாயப்படுத்தி மத்தியான இலவசக் கச்சேரிக்குக் கூட்டிப்போனார். அன்று தோடி ராகம். 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், 8ஆவது, ஹனுமத்தோடி. எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு நடுக்கம்தான். பாடகருக்குக் குரல் சரியில்லை, பாவம், எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறார் என்று நிஜமாகவே நினைத்தேன்.

திரும்பி வரும் வழியில் மாமியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ காந்தாரம்ங்கற ஸ்வரம் எங்க நிக்கும்னு தேடறே. அது நிக்காது. ஆடறதுதான் அதோட இடம்" என்றார். பிறகு வீட்டு வாசலிலேயே நின்று பாடிக் காட்டினார். முதலில் ஆர்மோனியக் கட்டையில் அழுத்தியது போல நேராக ஒரு காந்தாரம். அது எனக்கு ஒழுங்காகக் கேட்டது. அப்புறம் அதே காந்தாரத்தை, அதற்குக் கீழே உள்ள ரிஷபத்தைத் தொட்டு, மேலே உள்ள மத்தியமத்தை எட்டி, ஊஞ்சல் போல ஆட்டிப் பாடினார். "இப்ப சொல்லு, எது தோடி?" எனக்கு விடை தெரியவில்லை. ஒரு கேசட் கொடுத்தார், ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி. தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு கேட்டேன். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ மூன்றாவது வாரம், ஒரு நீண்ட பிடியில் ஸ்வரம் மேலே போய்த் திரும்பும் முன்பே என் தலை திரும்பியது. எங்கே ஆடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கையில் மயிர்க்கூச்செறிந்தது.

அந்த மூன்று வாரத்தில் ராகம் மாறவில்லை. என் தலைக்குள் தோடிக்கான கணக்கு இல்லாமல் இருந்தது, உருவானது. சினிமாப் பாட்டின் கணக்கை வைத்துக்கொண்டு கேட்டபோது ஒவ்வொரு அசைவும் தப்பாகவே வந்தது. ஒரு இசை "கர்ணகடூரம்" என்று தோன்றுவதில் பெரும்பங்கு இப்படித்தான் என்று நினைக்கிறேன். இதற்கு வலுவான சான்றும் உண்டு. பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்களுக்கு ஜோஷ் மெக்டெர்மட் குழுவினர் இனிமையான ஒலிச்சேர்க்கைகளையும் மேற்கத்தியர் முகம்சுளிக்கும் சேர்க்கைகளையும் போட்டுக்காட்டினார்கள். 2016இல் வந்த முடிவு: அவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இனித்தன. இயற்கை என்று நாம் நம்புவதில் பலதும் பழக்கம்.

ஆனால் எல்லாக் கணக்குக்கும் ஒரே எடை இல்லை. இளையராஜாவா ரஹ்மானா என்ற சண்டை இங்கே ஓயாததற்கு அதுவே காரணம். 1989இல் ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் பல வயதினரிடம் பழைய பாடல்களைப் போட்டுக் கேட்டபோது, ஒருவருக்கு மிகப் பிடித்த பாடல்கள் அவருக்கு 23, 24 வயது இருந்தபோது வந்தவையாக இருந்தன. பதின்வயதிலிருந்து இருபதுகள் வரை கேட்டது ஆழமாகப் பதிகிறது. முதல் காதல், முதல் வேலை, வீட்டை விட்டு வெளியே முதல் ராத்திரி என்று எல்லாம் அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. இளையராஜா திரைக்கு வந்தது 1976இல், ரஹ்மான் 1992இல். இடையில் 16 வருடம். ஒருவர் பிறந்த வருடத்தைச் சொன்னால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இதில் இன்னொரு அழகு உண்டு. கரோல் கிரம்ஹான்சலும் சகாவும் 2013இல் செய்த ஆய்வில், 20 வயது மாணவர்களுக்குத் தங்கள் பெற்றோர் இளமையில் கேட்ட பாடல்களிடமும் தனிப் பிரியம் இருந்தது. காரில், சமையலறையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அம்மாவும் போட்ட பாட்டு பிள்ளையின் கணக்கிலும் ஏறுகிறது.

மனநிலையின் கதை வேறு. அது நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுவது. 2019இல் வெளியான ஒரு ஆய்வு 51 நாடுகளில் 10 லட்சம் பேர் இணையத்தில் பாட்டு கேட்ட 76.5 கோடி தடவைகளைப் பார்த்தது. பகலில் துடிப்பானவை, பின்னிரவில் நிதானமானவை என்ற போக்கு உலகெங்கும் தெரிந்தது. உடம்பு கேட்கும் அளவை நாம் ஊற்றிக்கொள்கிறோம். 2006இல் லூசியானோ பெர்னார்டி குழுவினர் மேற்கத்திய செவ்வியல், டெக்னோ, ராப், நம் ராகம் என்று பலதையும் போட்டு 24 பேரின் மூச்சையும் இதயத்துடிப்பையும் அளந்தபோது, இசை வகையைவிட வேகமே உடலை நடத்தியது. நடுவில் 2 நிமிடம் இசையை நிறுத்தியபோது உடல் தொடக்கத்தில் இருந்ததைவிடவும் தளர்ந்தது.

சோகப் பாட்டுதான் புதிர். துக்கத்தில் இருப்பவன் ஏன் இன்னும் துக்கத்தைத் தேடிப் போட வேண்டும்? 2014இல் 772 பேரிடம் கேட்டபோது, சோக இசை எழுப்பும் உணர்வுகளில் துக்கத்தைவிட அதிகம் பேர் சொன்னது பழைய நினைவுகளின் ஏக்கத்தைத்தான். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் பழகிய இசையும் சொந்த வாழ்க்கை நினைவும் சந்திக்கின்றன என்று பீட்டர் ஜனாட்டா 2009இல் காட்டியிருந்தார்.

பெட்டியில் பெயர் எழுதாமல் இருந்த அந்தக் கானா கேசட்டுக்கு இப்போது வருகிறேன். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, இறந்தபோது எனக்கு 12 வயது. ராத்திரி முழுக்கத் தெருவில் பந்தலுக்குக் கீழே டோலக்கு வைத்துக் கானா பாடினார்கள். ஆயாவின் பெயரையும், அவர் விற்ற மீனையும், அவர் திட்டுவதையும்கூட அங்கேயே கட்டிப் பாட்டில் சேர்த்தார் ஒருவர். அழுதுகொண்டிருந்த என் அம்மா ஒரு வரிக்குச் சிரித்தார். பிறகு கல்லூரிக்குப் போனேன். அங்கே கானா கேட்பவன் யார் என்று ஒரு பார்வை இருந்தது. நான் பதிந்த கேசட்டில் பெயர் எழுதவில்லை. அந்த வயதில் பாட்டு என்பது சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் அடையாளச் சின்னம், யாரோடு நிற்கிறோம் என்று காட்டுவது. பிடிக்காமல் போனது என்று நானே நம்பினேன். 30 வயதுக்கு மேல் ஒருநாள் ராயபுரம் பாலத்தருகே எங்கிருந்தோ டோலக்கு கேட்டபோது நின்றுவிட்டேன். அந்தத் தாளம் என்னை விட்டு எங்கும் போயிருக்கவில்லை.

இன்று என் மகள் கேட்பது கொரியப் பாட்டு. போன மாதம் வரை என் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. கேசட்டுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும்போது அவள் ஒரு இயர்போனை என் காதில் சொருகி, ஒரே பாட்டை மூன்று முறை போட்டாள். முதல் முறை சத்தம். இரண்டாம் முறை, நடுவில் எல்லாம் சட்டென்று நிற்கும் ஓரிடம் இருப்பது தெரிந்தது. மூன்றாம் முறை அந்த இடம் வருவதற்கு முன்பே கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றது.