மகளிர் குழுக் கடன்: வங்கி எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிகள் நேரடியாகக் கடன் வழங்கும் முறை, 1992ஆம் ஆண்டு நபார்டு வங்கி 500 குழுக்களை இலக்காகக் கொண்டு தொடங்கிய முன்னோட்டத் திட்டத்திலிருந்து வளர்ந்ததாகும். தமிழ்நாட்டில் அதற்கு முன்னரே, 1989இல், தருமபுரி மாவட்டத்தில் இத்தகைய குழுக்கள் அமைக்கப்பட்டன. 2011இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு எப்படிக் கடன் தர வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி விதிகளாக வகுத்துள்ளது. இவற்றை அறியாத காரணத்தால், உரிமையோடு பெற வேண்டிய கடனுக்காகப் பெண்கள் வங்கி வாசலில் கெஞ்சி நிற்கும் நிலை இருக்கக் கூடாது.

பொதுவாக 10 முதல் 20 பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது எல்லா உறுப்பினர்களின் அடையாள ஆவணங்களையும் வங்கி கேட்க வேண்டியதில்லை, பொறுப்பாளர்களுடையவை போதும்.

முதல் கடனுக்குக் குழு குறைந்தது 6 மாதங்கள் முறையாக இயங்கியிருக்க வேண்டும். இந்த 6 மாதங்கள் குழுவின் பதிவேடுகளின்படி கணக்கிடப்படுகின்றனவே தவிர, வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அல்ல. ஆகவே தீர்மானப் புத்தகமும் சேமிப்பு, கடன் பதிவேடுகளும் முதல் கூட்டத்திலிருந்தே தேதியுடன் எழுதப்பட வேண்டும். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் (குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் கடன்) சுழற்சி, காலத்தில் திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கு ஆகிய ஐந்தையும் குழு கடைப்பிடிக்கிறதா என்பதையே வங்கி முதலில் பார்க்கும்.

கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது பிணையம் பற்றிய விதி. 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு அடமானமோ விளிம்புத் தொகையோ (கடன் வாங்குபவர் தன் பங்காகப் போட வேண்டிய பணம்) கேட்கக் கூடாது. கடன் தருவதற்காக வைப்புத்தொகை போடச் சொல்லவும் கூடாது. 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கும் அடமானம் கேட்க முடியாது. இவ்விரு நிலைகளிலும், குழுவின் சேமிப்பைக் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைத்து எடுக்கவிடாமல் தடுப்பது விதிமீறலாகும். கூலியில் மிச்சம் பிடித்துப் பெண்கள் சேர்த்த அப்பணம், ஓர் உறுப்பினரின் மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கோ உள்கடனாகச் சுழல வேண்டியது; அதை முடக்கினால், அந்த அவசரத்துக்குப் பெண்கள் கந்துவட்டிக்காரரிடம்தான் போக நேரும்.

தகுதியுள்ள மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம்.

உறுப்பினர் ஒருவரோ அவருடைய குடும்பத்தினரோ அதே வங்கியில் தனிப்பட்ட கடனைக் கட்டாமல் இருந்தாலும், குழு தன் கடனில் தவணை தவறாதிருந்தால், அதைக் காரணமாகக் காட்டிக் குழுவுக்குப் பொதுவாகக் கடன் மறுக்கக் கூடாது. ஆனால் குழுக் கடனிலிருந்து அந்த உறுப்பினருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது.

விதிக்குப் புறம்பாகக் கடன் மறுக்கப்பட்டால், ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வட்டார அலுவலகமான வட்டார இயக்க மேலாண்மை அலகிடம் தெரிவிப்பதோடு, கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் அதற்கான வழிமுறைகளைக் கேட்டறியலாம்.