கேம்பர்: வளைவு அல்ல, சாய்வு

கார் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் கேம்பர் (camber) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘சக்கர வளைவு’ என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எந்தச் சக்கரம் வளைகிறது?

சொல்லின் மூலம் லத்தீன். ‘கமுரஸ்’ என்றால் வளைந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கப்பல் தளத்தின் நடுமேட்டுக்கும் சாலையின் நடுமேட்டுக்கும் பெயரானது. அங்கே வளைவு என்பது சரி. சக்கரத்துக்கு வந்தபோது பொருள் நகர்ந்துவிட்டது. காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதே கேம்பர். ஆகவே சக்கரச் சாய்வு. மேல்பக்கம் காரை நோக்கிச் சாய்ந்தால் உட்சாய்வு, விலகிச் சாய்ந்தால் வெளிச்சாய்வு.

இதைவிட மோசம், உட்சாய்வை (negative camber) ‘எதிர்மறை வளைவு’ என்பது. எதிர்மறை என்றதும் ஏதோ கோளாறு என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மை நேர் எதிர். கார் இடப்பக்கம் வேகமாகத் திரும்புகிறது என்று வையுங்கள். உடல் வலப்பக்கம் சரிகிறது, வலச் சக்கரமும் கூடவே வெளியே சாய்கிறது. டயரின் வெளி விளிம்பு பாரம் முழுவதையும் தாங்க, உள் விளிம்பு சும்மா கிடக்கிறது. முன்கூட்டியே இரண்டு டிகிரி உட்சாய்வு வைத்திருந்தால், உடல் சரியும்போது அந்தச் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்துவிடும். டயரின் முழு அகலமும் தரையில் பதியும், பிடிப்பு கூடும். பந்தயக் கார்களில் மூன்று டிகிரியும் அதற்கு மேலும் வைப்பது இதற்காகத்தான். இதைப் போய் எதிர்மறை என்பதா?

இன்னொன்று, வளைவு என்ற சொல் டயருக்கே தேவைப்படுகிறது. பைக் டயரின் மேற்பரப்பு குறுக்கே வளைந்திருக்கும், அதனால் நாற்பது டிகிரி சாய்ந்தாலும் தரையை விடாது. கார் டயர் தட்டை. அதிலும் அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர் கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு விளிம்பில் பாரம் குறைந்துவிடும். இந்த வேறுபாட்டைச் சொல்ல வளைவு வேண்டும். சாலைத் திருப்பத்துக்கும் அதே சொல்தான். மூன்றுக்கும் ஒன்றையே போட்டு, ‘வளைவில் வளைவு குறைந்தால்’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

சரி, காஸ்டர் (caster) என்ற இன்னொரு அளவும் சாய்வுதானே என்று கேட்கலாம். அங்கே சாய்வது சக்கரம் அல்ல, சக்கரம் இடவலமாகத் திரும்பும் ஸ்டியரிங் அச்சு. அதுவும் பக்கவாட்டில் பார்க்கும்போது முன்னோ பின்னோ சாய்வது. அதை அச்சுச் சாய்வு என்றால் குழப்பம் இல்லை.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு காரின் முன்னால் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தாலே போதும், வளைவு என்று எழுதக் கை வராது. ‘உட்சாய்வு அதிகமானால் டயரின் உள் விளிம்பு சீக்கிரம் தேயும், நேராக ஓடும்போது பிரேக் பிடிப்பும் குறையும்’ என்று எழுதிப் பாருங்கள். இதற்கு அடிக்குறிப்பே வேண்டாம்.