யானைக் கன்றின் இறப்பை மறைக்க வேண்டாம்

ஆசிய யானைக் கன்றுகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் நோயில், தீவனம் குறைந்து, முகம் வீங்கி, நாக்கு நீலம் பாரித்த பிறகு மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். வளர்ந்த யானைகள் பலவற்றின் உடலில் தீங்கின்றித் தங்கியிருக்கும் இந்த வைரஸ், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்ட கன்றுகளில் இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைத்து, இதயம் முதலான உள்ளுறுப்புகளில் கசிவை உண்டாக்குகிறது.

1995-இல் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் குமாரி என்ற கன்று இறந்தபோது, அதன் திசுக்களை ஆராய்ந்தவர்கள் அத்துடன் நின்றுவிடாமல், பிற பூங்காக்களில் முன்பே இறந்த யானைகளின் பாதுகாக்கப்பட்ட திசுக்களையும் பெற்றுப் பார்த்தார்கள். காரணம் விளங்காமல் கோப்பில் கிடந்த சில மரணங்களுக்கும் இதே வைரஸ்தான் காரணம் என்பது தெரியவந்து, 1999-இல் ஆய்வு வெளியானது. இரண்டு மூன்று யானைகளை மட்டும் வைத்திருக்கும் எந்தப் பூங்காவும் தனித்து இந்த முடிவுக்கு வந்திருக்க இயலாது. பின்னர் அமெரிக்காவின் ஹூஸ்டன் உயிரியல் பூங்கா, 2008-இல் ஒரு கன்றை இழந்ததைத் தொடர்ந்து, பேய்லர் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து பணியாற்றத் தொடங்கியது. அந்தக் கூட்டுழைப்பில் உருவான தடுப்பூசியின் முதல் தவணை 2024-இல் அங்குள்ள யானைக்குச் செலுத்தப்பட்டது.

நம் நாட்டிலும் இந்த நோய் புதிதன்று. தென்னிந்தியக் காட்டு யானைகளிலும் அது இருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. 2019-இல் ஒடிசாவின் நந்தன்கானன் பூங்கா நான்கு யானைகளை இழந்தது.

கன்றுகளைக் கவனிக்கும் மருத்துவர் என்ற முறையில் நான் வலியுறுத்துவது இதுதான்: காதின் இரத்தக் குழாயில் இரத்தம் எடுக்கப் பாகன்கள் கன்றைப் பழக்கி, நலமாக இருக்கும்போதே தவறாமல் மாதிரி எடுத்துவந்தால், அறிகுறி தோன்றுமுன்பே வைரஸைக் கண்டறிந்து மருந்தும் திரவமும் ஏற்றத் தொடங்கலாம். விமர்சனத்துக்கு அஞ்சி ஒரு மரணத்தை வெளியில் சொல்லாமல் புதைத்துவிடுவது, அடுத்த பூங்காவின் கன்றைக் காப்பாற்றக்கூடிய தகவலையும் சேர்த்துப் புதைப்பதாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரேதப் பரிசோதனையில் எடுத்த திசுக்கள் ஆய்வகத்துக்கும், முடிவுகள் மற்ற பூங்கா மருத்துவர்களுக்கும் தாமதமின்றிச் சென்றாக வேண்டும். நோயுற்ற கன்றுக்கு வளர்ந்த யானையின் பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) தேவைப்படலாம் என்பதால், தன் பூங்காவிலோ அருகிலுள்ள பூங்காவிலோ எந்த யானையின் இரத்தம் பொருந்துகிறது என்பதை முன்கூட்டியே சோதித்து, இரு பூங்காக்களிலும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.