தோட்டத்தில் பூனைத் தொல்லை: மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். பூனை விஷயமாக என்னிடம் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் கூடையில் பூனையைக் கொண்டு வருவார்கள். இன்னொரு வகையினர் பூனை இல்லாமல் வெறுங்கையோடு வருவார்கள். "டாக்டர் சார், பக்கத்து வீட்டுப் பூனை கீரைப் பாத்தியைக் கிண்டிக் கிண்டி தினமும் அசிங்கம் பண்ணி வச்சிருது. வராம இருக்க ஏதாவது மருந்து எழுதிக் கொடுங்க" என்பார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி, "போய்ச் சேர்ந்தாலும் சரிதான்" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையினருக்கு.

அப்படி ஒரு மருந்து கிடையாது. இருந்தாலும் எழுதித் தர மாட்டேன். மாற்ற வேண்டியது உங்கள் மண்ணை.

பூனை வஞ்சம் வைத்து உங்கள் தோட்டத்துக்கு வருவதில்லை. அதற்குத் தேவை மூன்று: காலால் பறிக்க எளிதான பொலபொலப்பான மண், ஈரமில்லாத தரை, ஆள் நடமாட்டம் குறைந்த மூலை. நீங்கள் பாடுபட்டுக் கொத்தி, கட்டி உடைத்து, தேங்காய் நார்த்தூளும் மக்கிய சாணமும் கலந்து, ஆடிப்பட்டத்துக்குத் தயாராக வைத்திருக்கிற பாத்தியில் இந்த மூன்றும் இருக்கின்றன. தெருவில் எம் சாண்ட் குவித்து வைத்திருக்கிற வீட்டிலும் இருக்கின்றன. வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். கழித்ததை மண் தள்ளி மூடுவது அவற்றின் வழியாக வந்த பழக்கம். திட்டி அதை மாற்ற முடியாது.

அப்புறம் ஒரு விஷயம், பலர் கவனிக்காதது. பூனையை வரவழைப்பதே சில நேரம் தோட்டக்காரர்தான். மீன் கழுவிய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுவது நம் பக்கம் பல வீடுகளில் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை செதிலையும் குடலையும் செடி மூட்டில் புதைப்பதும் உண்டு. மாடித்தோட்டக்காரர்கள் மீன் அமிலமும் எலும்புத் தூளும் போடுகிறார்கள். செடிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடை ராத்திரி முழுக்கப் பூனையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தோண்ட வந்த பூனை, வந்த இடத்திலேயே மற்றதையும் முடித்துவிட்டுப் போகும். பூனைத் தொல்லை இருக்கும்வரை இவற்றை நிறுத்திவிட்டு, வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம் என்று மாறிக்கொள்ளுங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். கீரைப் பாத்திக்கு நான் முதலில் சொல்வது கோழி வலை. ஓர் அங்குலக் கண் உள்ள கம்பி வலையை, விதை தூவி மண் மூடிய கையோடு பாத்தியின் மேல் படுக்கையாக விரித்து, ஓரங்களை உள்பக்கம் மடித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். தண்ணீர் இறங்கும், முளை மேலே வரும், பூனையால் மட்டும் பறிக்க முடியாது. இரண்டு தடவை காலை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அரைக்கீரைக்கு இது மிகவும் பொருத்தம். அதைக் கிள்ளிக் கிள்ளித்தானே எடுக்கிறோம். சிறுகீரையை வேரோடு பிடுங்க வேண்டும், வலை இடைஞ்சலாக இருக்கும். அதற்குப் பழைய வாரியலை, அதாவது தென்னை விளக்குமாற்றைப் பிரித்து, ஈர்க்குகளை ஒரு சாண் உயரம் வெளியே தெரியும்படி, நான்கு விரல் இடைவெளியில் நட்டுவிடுங்கள். திரும்பி உட்கார இடமில்லாத பாத்தியைப் பூனை விரும்பாது. கீரை ஒரு விரல் உயரம் வந்து தரையை மூடிய பிறகு ஈர்க்கை உருவிவிடலாம். வெறும் மண் கண்ணில் படுகிற அந்த முதல் சில வாரங்கள்தான் காவல் காலம்.

பிச்சி, கேந்தி, ரோஜா, வாழை மூடுகளுக்குக் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நார்ப்பக்கம் கீழே, முதுகு மேலே இருக்கும்படி நெருக்கமாகக் கவிழ்த்துப் பரப்புங்கள். நம் ஊர் வெயிலுக்கு மண்ணில் ஈரமும் நிற்கும். மாடியில் தொட்டிகளுக்கும் பைகளுக்கும் கூழாங்கல்லோ உடைத்த ஓடோ மேல்மண் தெரியாதபடி போட்டால் போதும். தண்ணீரைக் காலையில் ஊற்றுவதை விடச் சாயங்காலம் ஊற்றுவது உதவும். பூனைகள் அதிகம் நடமாடுவது அந்தியிலும் விடியலுக்கு முன்னும்தான், அந்த நேரத்தில் மண் ஈரமாக இருந்தால் தள்ளிப் போகும்.

உடைமுள் வெட்டிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், முதலில் குத்துவது களை எடுக்கிற உங்கள் கையில்தான். பூனையின் பாதத்தில் முள் ஒடிந்து சீழ் வைத்து என்னிடம் வந்திருக்கின்றன. வேண்டாம். வாசலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில் வைக்கிறார்களே, அதற்கு எந்தப் பலனும் இல்லை. அந்தப் பாட்டிலில் உடம்பை உரசிக்கொண்டு போகிற பூனையைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைத் தோல் வாடை காய்ந்ததும் போய்விடும். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மலிவாகக் கிடைக்கிற நாளில் போட்டுப் பாருங்கள், கெடுதல் ஒன்றுமில்லை.

கெடுதல் செய்வது பினாயிலும் அந்துருண்டையும். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பினாயில் ஊற்றிய தரையில் பூனை நடக்கும். பாதம் பிசுபிசுக்கும். பூனை சுத்தக்காரப் பிராணி, உடனே உட்கார்ந்து நாக்கால் நக்கித் துடைக்கும். அடுத்த நாள் என் மேசைக்கு வரும்போது வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடியும். வாயைத் திறந்தால் நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் தோல் வழன்று சிவந்த புண். பாதத்தின் மெத்தைகள் வெந்தது போல் இருக்கும். பசி இருக்கும், தட்டை முகரும், வாய் வைக்க முடியாமல் திரும்பிவிடும். இந்த வகை ரசாயனத்தை நம் கல்லீரல் மாற்றி வெளியேற்றுகிற வேகத்தில் பூனையின் கல்லீரலால் முடியாது. அதற்கான நொதி அதனிடம் மிகக் குறைவு. அதே காரணத்தால்தான் காய்ச்சல் என்று நீங்கள் பாசத்தோடு கொடுக்கிற ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது. அந்துருண்டை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வீட்டுக் குழந்தை வாயில் போட்டாலும் ஆபத்து. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற வாயு கிளம்பும்.

எலி மருந்தையும் குருணை மருந்தையும் சோற்றில் பிசைந்து வைப்பது குற்றம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவும் இருக்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவும் இருக்கிறது. விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பின்னதில் 5 ஆண்டு வரை சிறை. அதோடு விஷச் சோற்றைப் பூனைதான் தின்னும் என்று எழுதி வைத்திருக்கிறதா? காக்கை தின்னும், தெரு நாய் தின்னும், வயலோரத்து வீடென்றால் மயில் தின்னும். மயில் செத்தால் வனத்துறை வரும்.

சாக்கில் கட்டி ஆற்றங்கரையிலோ மார்க்கெட்டிலோ விட்டுவருவதும் சட்டப்படி தவறுதான். தீனியும் இடமும் இருக்கிறவரை அந்த இடத்துக்கு இன்னொரு பூனை வரும். சாக்கில் போடும்போது கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, ஏற்கெனவே அசிங்கம் பண்ணி வைத்ததை என்ன செய்வது? மாட்டுச் சாணம் உரமாகும்போது இது ஆகாதா என்று ஓர் அண்ணாச்சி கேட்டார். ஆகாது. பூனை மாமிசம் தின்னும் பிராணி. அதன் கழிவில் வட்டப்புழு, கொக்கிப்புழு முட்டைகளும், டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரும் இருக்கலாம். இந்த டாக்ஸோபிளாஸ்மாவைப் பற்றி நம் வீடுகளில் பயம் அதிகம், விவரம் குறைவு. வீட்டில் மருமகள் உண்டானதும் பூனையை விரட்டு என்கிறார்கள். பொதுவாக ஒரு பூனை முதல் தடவை தொற்று வாங்கும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் அந்தக் கிருமியை வெளியேற்றும். வெளியே வந்த உடனே அது தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். ஆகவே அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் ஆபத்து பெரும்பகுதி போய்விடும். எடுக்காமல் விட்டால் ஈர மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மடியில் கிடக்கிற பூனையைவிட, வெறுங்கையால் கிண்டிய தோட்டத்து மண்ணும், சரியாகக் கழுவாத கீரையும், அரைவேக்காட்டு இறைச்சியும்தான் கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியவை. அவர்கள் பாத்தி வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடட்டும்.

எடுக்கிற விதம் எளிது. கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு, சுற்றி இரண்டு அங்குல மண்ணோடு சேர்த்து அள்ளி, காய்கறிப் பாத்தியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலகி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பழைய வாடை இருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்பும், அதனால் மேல்மண்ணோடு எடுப்பது முக்கியம். வீடு கட்டுகிறவர்கள் மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெறுங்காலோடு அதில் விளையாடுகிற பிள்ளைகளின் தோலுக்குள் கொக்கிப்புழுக் குஞ்சு புகுந்து, நெளிநெளியாகச் சிவந்த கோடு போட்டு அரிக்கும்.

அடுத்தது அக்கம்பக்கம். ஒரே காம்பவுண்டுக்குள் பல குடும்பங்கள் இருக்கிற வளவு வீடுகளில் இது பெரிய சண்டையாகவே ஆகியிருக்கிறது. "மதினி, உங்க பூனை எங்க பாத்தியில..." என்று ஆரம்பித்தால், "அது எங்க பூனையா? சும்மா வந்து போவுது, பாவம்னு ரெண்டு வாய் மோர்ச்சோறு வைக்கேன்" என்று பதில் வரும். என் கணக்கில், சோறு வைக்கிறவர் வீட்டுப் பூனைதான் அது. சோறு வைக்கிறவர் கக்கூஸும் வைக்க வேண்டும். நிழலான மூலையில் இரண்டடிக்கு இரண்டடி, அரையடி ஆழம் மணல் நிரப்பி, முதல் ஓரிரண்டு நாள் அந்தப் பூனையின் கழிவையே கொஞ்சம் அதில் போட்டு வைத்தால் பிடித்துக்கொள்ளும். தினமும் அள்ள வேண்டும், அழுக்கான மணலைப் பூனை சீந்தாது. எலிக்காகப் பூனை வேண்டும் என்று நினைக்கிற தோட்டக்காரர்களே இந்த மூலையைத் தங்கள் புறவாசலில் வைத்துக் கொடுத்து ராசியானதும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதை மாறும். மண்ணெல்லாம் ஈரமானதும் பூனைகள் வீட்டு முன்பக்கத் தார்சாவிலும் (தாழ்வாரம்), கூரைக்குக் கீழே இருக்கிற தொட்டிகளிலும், விறகுக் கொட்டகையிலும் காய்ந்த இடம் தேடும். அந்தத் தொட்டிகளுக்கு மழைக்கு முன்பே கல் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் கருத்தடைதான். பெட்டை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் 63 முதல் 65 நாள். சுவரிலும் செருப்பிலும் வாலைத் தூக்கிப் பீய்ச்சுகிறது என்றால் அது பெரும்பாலும் கடுவன். அது கழிப்பது இல்லை, எல்லை குறிப்பது. அதற்குக் கோழி வலை உதவாது, அறுவை சிகிச்சை உதவும். திருநெல்வேலி பக்கத்து இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் மருத்துவமனையில் விசாரியுங்கள். சோறு வைக்கிறவரும் பாத்தி போட்டவரும் செலவைப் பாதி பாதி பகிர்ந்துகொள்ளலாம். பூனையைச் சாக்கில் கொண்டு வராதீர்கள், மூச்சு முட்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்துக் கொண்டு வாருங்கள். வளர்ந்த பூனை என்றால் முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் வைக்க வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். காலையில் பாவமாக இருக்கிறதே என்று யாரும் பால் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளவில் யாராவது ஓர் ஆச்சி கட்டாயம் ஊற்றுவார்.